சான்றைக் காட்டாத பாடம்: புத்தளம் கரையோரத்தில் வரலாறும் குடியுரிமைக் கல்வியும்

சுவை பற்றிய ஒரு தப்புக் கணக்கு

வரலாறு சலிப்பூட்டும் பாடம் என்ற முறைப்பாடு இலங்கைப் பாடசாலைகளில் பழையது. அதற்குச் சொல்லப்படும் பரிகாரமும் பழையதுதான். பாடத்தை நாடகமாக்கலாம், காணொளி காட்டலாம், வினாவிடைப் போட்டி வைக்கலாம், அநுராதபுரத்துக்கும் பொலனறுவைக்கும் சுற்றுலா கூட்டிச் செல்லலாம் என்று ஆசிரியர்களுக்கு அறிவுரை கூறப்படுகிறது. குடியுரிமைக் கல்விக்கும் இதே மருந்துதான்: மாணவர் பாராளுமன்றம், சுவரொட்டிப் போட்டி, ஜனநாயகம் பற்றிய பேச்சுப் போட்டி. இவற்றில் எதுவும் தீங்கானதல்ல. ஆனால் இவை பாடத்தைத் தொடாமல் அதைச் சுற்றித் தோரணம் கட்டுகின்றன. நாடகம் முடிந்து திரை விழுந்ததும், மனனம் செய்யவேண்டிய ஆண்டுகளும் பெயர்களும் முன்போலவே மாணவருக்காகக் காத்திருக்கின்றன.

சலிப்பின் வேர் வேறிடத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். மாணவர் முன் வைக்கப்படுவது முடிவுகள் மட்டுமே. அந்த முடிவுக்கு ஒருவர் எப்படி வந்தார், எந்தச் சான்றை நம்பினார், எதை ஐயுற்றார், யார் அதை மறுத்தார் என்பதெல்லாம் பாடநூலின் வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிடுகின்றன. விடை தெரிந்த வினாவை மட்டும் கேட்கும் பாடத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை செய்வதற்கு வேலை ஏதும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் சாம் வைன்பர்க், வரலாற்றாசிரியர் சிலருக்கும் திறமைமிக்க உயர்பாடசாலை மாணவர் சிலருக்கும் ஒரே ஆவணங்களைப் படிக்கக் கொடுத்துப் பார்த்தார். வரலாற்றாசிரியர்கள் ஆவணத்தின் அடியில் உள்ள பெயரையும் தேதியையும் முதலில் தேடினார்கள். மாணவர்களோ முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரிவரை படித்துச் சொன்னதை அப்படியே ஏற்றார்கள். தகவல் அறிவில் மாணவர்கள் பெரிதாகப் பின்தங்கியிருக்கவில்லை. எழுதியவர் யார் என்று கேட்கும் பழக்கம் அவர்களிடம் இல்லை. அப்பழக்கத்தைப் பாடசாலை கற்றுக்கொடுக்கவும் இல்லை.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் பொருத்தமான களம். வடக்கே குதிரைமலையிலிருந்து கற்பிட்டி, புத்தளம், உடப்பு, முன்னேஸ்வரம், சிலாபம் எனத் தெற்கே நீளும் இக்கரையில் முஸ்லிம்களும் தமிழ் இந்துக்களும் சிங்களக் கத்தோலிக்கரும் பௌத்தரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் தமிழ் பேசிய மீன்பிடிக் கிராமங்கள் பல இன்று சிங்களம் பேசுகின்றன. சிரம்பையடியில் ஆபிரிக்க வழிவந்தோர் மஞ்சா பாடலைக் காத்துவருகிறார்கள். பாடநூல் பேசும் பெரும்பாலான விடயங்களுக்கு இக்கரையில் ஒரு சான்றோ ஒரு வழக்கோ கிடைக்கும்.

பாடத்திட்டம் நடந்து வந்த பாதை

1972இன் கல்விச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் ஆகிய மூன்றையும் சமூகக் கல்வி என்ற ஒரே பாடமாக்கியது. வரலாறு தன் தனித்துவத்தை இழந்துவிட்டது என்ற விமர்சனம் அதன்பின் பல தசாப்தங்கள் தொடர்ந்தது. 2000களின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் வரலாறு தனிப்பாடமாகத் திரும்பியது. தரம் 6 முதல் 11 வரை அது கட்டாயம், க.பொ.த. சாதாரண தரத்தின் ஆறு கட்டாயப் பாடங்களில் ஒன்று. குடியுரிமைக் கல்வியோ தரம் 9 வரை எல்லோருக்கும் உண்டு. அதற்குமேல் விருப்பப் பாடம். வாக்குரிமை கிடைக்கும் வயதை நெருங்க நெருங்க அப்பாடம் பெரும்பாலான மாணவரிடமிருந்து விலகிப் போகிறது. இந்த ஏற்பாட்டின் விசித்திரத்தைப் பலர் கவனிப்பதில்லை.

பாடநூல்களின் உள்ளடக்கம் குறித்த விமர்சன மரபு நமக்கு உண்டு. ரெஜி சிரிவர்தன, கா. இந்திரபாலா, சுனில் பஸ்தியன் உள்ளிட்டோர் 1980களில் பாடசாலைப் பாடநூல்களை இன உறவுகளின் நோக்கில் ஆராய்ந்தார்கள். 2008இல் கல்வியமைச்சு சமூக ஒருங்கிணைவுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கையொன்றை வெளியிட்டது. 2025இல் புதிய சீர்திருத்த யோசனைகள் வெளிவந்தபோது, வரலாறு கட்டாயப் பாடமாகத் தொடருமா என்பது நாடளாவிய சர்ச்சையானது. இவை எல்லாம் தேவையான விவாதங்கள். எனினும் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது: பாடநூலில் யாருடைய கதை, எத்தனை பக்கம்? மாணவர் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்ற கேள்வி விவாதத்துக்கு வருவதே அபூர்வம். ஒரு சமூகத்தின் கதையை எடுத்துவிட்டு நான்கு சமூகங்களின் கதைகளை வைத்தாலும், நான்கையும் மனனம் செய்யத்தான் சொல்வோமென்றால் சலிப்பு நான்கு மடங்காகுமே தவிர வரலாற்றறிவு கூடாது.

கறுவாக் கட்டைகள் ஒதுங்கிய கரை

சான்றிலிருந்து தொடங்கும் பாடம் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, தாம் இறங்கிய ஊரைப் பத்தாலா என்று குறிப்பிடுகிறார். அதைப் புத்தளம் என்றே ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்கின்றனர். அங்கே யாழ்ப்பாணத்து அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததாகவும், அவர் பாரசீக மொழியைப் புரிந்துகொண்டதாகவும், ஊரைச் சுற்றி மரத்தாலான மதிலும் கோபுரங்களும் இருந்ததாகவும் எழுதுகிறார். வெள்ளம் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரை நெடுகக் குவிந்து கிடந்தன என்றும், மலபாரிலிருந்தும் தமிழகக் கரையான மஃபரிலிருந்தும் வருவோர் அரசனுக்குத் துணி முதலானவற்றைக் கொடுத்துவிட்டு அவற்றை எடுத்துச் சென்றார்கள் என்றும் அவரது விவரணை போகிறது. வகுப்பில் இவர் பொதுவாக ஒரு பெயரும் ஓர் ஆண்டுமாகக் கடந்து போய்விடுகிறார்.

இந்த ஒரு பத்தியை அப்படியே மாணவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? கறுவா ஈரவலயப் பயிர். புத்தளமோ உப்பு விளையும் வறண்ட கரை. கறுவாக் கட்டை இங்கே எப்படி ஒதுங்கும்? புவியியல் படித்த எந்தப் பிள்ளைக்கும் எழக்கூடிய கேள்வி இது. விடைகள் பல சாத்தியம். பயணி இறங்கிய இடம் இன்னும் தெற்கே இருந்திருக்கலாம். இரண்டு இடங்களின் நினைவுகள் ஒன்றாகக் கலந்திருக்கலாம். அவர் கறுவா என்று எண்ணியது வேறு மரமாக இருக்கலாம். இந்நூல் பயணத்தின்போது எழுதப்பட்டதல்ல, நாடு திரும்பிப் பல ஆண்டுகளுக்குப்பின் அவர் சொல்ல இபின் ஜுஸைய் எழுதியது என்ற செய்தியைச் சேர்த்துக் கொடுத்தால் விவாதம் இன்னொரு படி ஏறும். அடுத்த கேள்வி இதைவிடக் கூர்மையானது. யாழ்ப்பாணத்து அரசர் புத்தளத்தில் இருந்தார் என்றால் அவரது ஆட்சி இங்குவரை பரவியிருந்ததா, முத்துக் குளிப்புக்காகவோ வேறு அலுவலாகவோ தங்கியிருந்தாரா? ஒரு பயணியின் ஒரு பத்தி எவ்வளவு பெரிய முடிவைத் தாங்கும்? இந்த நாற்பது நிமிடத்துக்கு நாடகமோ காணொளியோ தேவைப்படாது. பாடத்தின் சுவை வினாவிலேயே இருக்கிறது.

கற்பிட்டிக் கோட்டையும் இதே முறைக்கு இடந்தரும். 1667இல் ஒல்லாந்தர் அதைக் கட்டத் தொடங்கினர் என்பது தகவல். பெரிய ஊர் புத்தளம் இருக்க, குடாநாட்டு முனையில் ஏன் கோட்டை என்பதே வினா. வரைபடத்தை விரித்தால் களப்பு வடக்கே திறப்பது தெரியும். புத்தளம் கண்டி அரசனின் துறை. அத்துறைக்குப் போகும் தோணி ஒவ்வொன்றும் கற்பிட்டியின் கண்ணில் பட்டே தீர வேண்டும். ஊரைப் பிடிக்காமலே ஊரின் வணிகத்தைப் பிடித்துக்கொள்ளும் உத்தி அது. இந்த உத்தி 1766 பெப்ரவரியில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனோடு செய்த உடன்படிக்கையில் முழுமை பெற்றது. கடற்கரை முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. கண்டி கடலற்ற இராச்சியமாயிற்று. அதே உடன்படிக்கையில், கண்டி மக்கள் உப்பு எடுத்துச் செல்லக்கூடிய இடங்களாகச் சிலாபமும் புத்தளமும் இடம்பெறுகின்றன. கோட்டைகளையும் துறைமுகங்களையும் விட்டுக்கொடுத்த அரசன் உப்பை விட்டுக்கொடுக்க முடியாமற்போனது ஏன் என்று பாலாவி உப்பளத்தைத் தினமும் கடந்து பாடசாலைக்கு வரும் பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கலாம். இதே அரசன்தான் 1753இல் முன்னேஸ்வரம் சிவன் கோயிலைப் புதுப்பித்தவன். பௌத்த மறுமலர்ச்சியின் புரவலராக மட்டும் அவனை அறிந்த மாணவருக்கு அது இன்னொரு வினாவைத் திறக்கும்.

ஊர்ப்பெருமை என்ற பொறி

உள்ளூர் வரலாறு ஊர்ப்பெருமையாகச் சுருங்கிவிடும், ஒவ்வொரு சமூகமும் தன் மூதாதையரே முதலில் வந்தனர் என்று நிறுவக் கிளம்பிவிடும் என்பது எதிர்வாதங்களில் வலுவானது. குதிரைமலையை அல்லிராணியின் கோட்டை என்பார் ஒருவர். உரோமானிய நூலாசிரியர் பிளினி கூறும் ஹிப்புரோஸ் துறை அதுவே என்பார் இன்னொருவர். அரபு வம்சாவளி, பாண்டிய வம்சாவளி, விஜயன் வந்திறங்கிய கரை என்று உரிமைகோரல்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை.

எதிர்வாதம் சுட்டும் ஆபத்து உண்மையானது. ஆனால் அது உள்ளூர் வரலாற்றுக்கு உரிய குணமன்று. சான்றைக் காட்டாமல் சொல்லப்படும் எந்த வரலாற்றுக்கும் உரிய குணம். இக்கரையின் சமூகங்களில் ஒன்றான முக்குவரின் விடயத்தைப் பார்ப்போம். முக்கர ஹட்டன என்ற சிங்கள ஏடு, புத்தளத்தைக் கைப்பற்றியிருந்த முக்குவரைக் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்தில் காஞ்சிபுரம், காவிரிப்பூம்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து வந்த படையினர் வென்றதாகச் சொல்கிறது. வென்றவர்களின் வழிவந்தோரிடையே பேணப்பட்ட ஏடு அது. மறுபுறம், 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, புத்தளம் முக்குவர் தலைவர்கள் முத்திரைக்கூடத்தில் கூடித் தம் அலுவல்களைத் தீர்த்துக்கொண்ட மரபைப் பதிவு செய்திருக்கிறார். தோற்றவர்கள் எனப்பட்டோர் ஊரை ஆண்டவர்களாகவும் தெரிகின்றனர். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர், யாருடைய நினைவு எவர் கையில் ஏடாயிற்று என்று கேட்காமல் இருக்க முடியாது. அவ்வாறு கேட்டுப் பழகியவருக்குத் தம் சொந்தச் சமூகத்தின் பெருமைக் கதையும் ஒரு சான்றாகவே தெரியும். காசிச்செட்டியே நல்ல பாடப்பொருள்: 1834இல் இலங்கையின் இடப்பெயர் விவரத் தொகுப்பையும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட இம்மண்ணின் மகனை இங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

ஒரே பயிற்சி, இரண்டு பாடங்கள்

சான்றை நோக்கிக் கேள்வி கேட்கும் பயிற்சி வரலாற்றோடு நின்றுவிடுவதில்லை. 2019 மே 12 அன்று சிலாபத்தில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. தூண்டுகோலாக அமைந்தது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு வரி முகநூல் குறிப்பு. அது யாருக்குப் பதிலாக, எந்த உரையாடலில் எழுதப்பட்டது என்று பார்க்காமலே அச்சுறுத்தலாகக் கொள்ளப்பட்டது. மறுநாள் வன்முறை பரவியபோது இதே மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த வன்முறையை வரலாற்றுப் பாடம் தடுத்திருக்கும் என்று சொல்வது பேதைமை. வெறுப்புக்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் எழுதியவர் யார், யாருக்கு, எப்போது என்று கேட்கும் ஒரு தலைமுறையிடம் அதே வதந்தி அதே வேகத்தில் ஓடாது. குடியுரிமைக் கல்வி கற்பிக்க வேண்டிய முதல் திறன் இதுதான். வரலாற்றுக் கல்வி கற்பிக்க வேண்டிய முதல் திறனும் இதுவே. இரண்டையும் தனித்தனிப் பாடவேளைகளில் அடைத்ததனால் இந்த ஒற்றுமை மறைந்துபோயிற்று.

உரிமை, கடமை, நல்லாட்சி என்று வரைவிலக்கணங்களை அடுக்கும் குடியுரிமைப் பாடத்துக்கு இக்கரையில் உயிருள்ள வழக்குகள் உண்டு. 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தனர். அதன்பின் தலைநகரின் குப்பையைப் புத்தளம் அருவக்காட்டில் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த பகுதிக்குக் கொண்டுவரும் திட்டம் வேகம்பெற்றது. 2018 செப்டெம்பரிலிருந்து புத்தளத்தில் மூன்று மாதங்களுக்கு மேலாக எதிர்ப்பு நடந்தது. தேசியச் சுற்றாடல் சட்டத்தின்படி இத்தகைய திட்டத்துக்குச் சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும். அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்துவிட்டது. மத்திய அரசு, மாகாண சபை, பிரதேச சபை என்ற மூன்று அடுக்குகளில் இம்முடிவு எந்த அடுக்கில் எடுக்கப்பட்டது, பாதிக்கப்படுவோருக்கு எந்த அடுக்கில் குரல் இருந்தது என்று தேடும் மாணவர், அதிகாரப் பகிர்வு அத்தியாயத்தை மனனம் செய்யத் தேவையிருக்காது. இது வகுப்பறைக்குள் அரசியலைக் கொண்டுவருவதாகாதா என்றால், ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்தால் ஆகும். மீதொட்டமுல்லையில் மண்ணுக்குள் போன 32 பேரின் வாதமும் மேசையில் இருக்க வேண்டும். குப்பை எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும் என்ற கேள்விக்குப் புத்தளத்துப் பிள்ளையும் விடை தேடவேண்டும்.

தேர்தல் முறையும் அப்படித்தான். 1989இல் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் நடைமுறைக்கு வந்தபின் புத்தளத்தில் முஸ்லிம் வேட்பாளர்கள் வாக்குகளால் வெல்வது கடினமாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின் 2020இல், முஸ்லிம் கட்சிகள் தராசுச் சின்னத்தில் ஒன்றிணைந்து நின்றபோதே ஓர் ஆசனம் கிடைத்தது. எட்டு ஆசன மாவட்டத்தில் 5 சதவீத வெட்டுப்புள்ளியும் மேலதிக ஆசனமும் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தேர்தல் ஆணைக்குழு வெளியிட்ட வாக்கு எண்ணிக்கையைக் கொண்டே தரம் 10 மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். கணித ஆசிரியரும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

1990: தயக்கத்தின் எல்லை

மேற்சொன்ன முறைக்குக் கடினமான சோதனை 1990 ஒக்டோபர். வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம், பாலாவி, கற்பிட்டிப் பகுதிகளுக்கு. இன்று இம்மாவட்டத்து வகுப்பறைகளில் அமர்ந்திருப்பவர்களில் அவர்களின் பேரப்பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இடம் கொடுத்து, நீரும் நிலமும் வேலையும் பாடசாலை இருக்கையும் பங்கிட்டுக்கொண்ட ஊரவரின் பேரப்பிள்ளைகளும் உண்டு. இரு தரப்புக்கும் மனக்குறைகள் இருந்தன. குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று வெளியேற்றப்பட்டோரின் வாக்குமூலங்களைத் திரட்டி 2011இல் அறிக்கையும் வெளியிட்டது. வாக்காளர் இடாப்பில் மன்னாரிலா புத்தளத்திலா பெயர் இருப்பது என்ற சிக்கலுக்குச் சிறப்புச் சட்டமே தேவைப்பட்டது. 2019 நவம்பர் 16 அன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றோரின் பேருந்துகள் மீது வழியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வரலாறும் குடியுரிமையும் இதைவிட நெருக்கமாக ஒட்டிக்கிடக்கும் வேறு விடயம் இம்மாவட்டத்தில் இல்லை.

ஆசிரியர்கள் இதைத் தொடத் தயங்குவதற்கு நியாயம் உண்டு. ஒரு பெற்றோரின் முறைப்பாடு ஒருவரின் இடமாற்றத்தில் முடியலாம். ஆனால் மௌனம் நடுநிலையாகிவிடாது. வீட்டில் ஒரு கதையையும் தெருவில் இன்னொரு கதையையும் கேட்டு வளரும் பிள்ளைக்கு, அவற்றைச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரே இடம் வகுப்பறை. அதை மூடிவிட்டால் வதந்தியே வரலாற்றாசிரியராகிவிடும். இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓனும் பலஸ்தீனக் கல்வியாளர் சாமி அத்வானும் தொகுத்த பாடநூல் இங்கே கவனிக்கத்தக்கது. ஒரே நிகழ்வு பற்றி ஒருபுறம் ஒரு தரப்பின் விவரணை, மறுபுறம் மற்றத் தரப்பின் விவரணை. நடுவே மாணவர் எழுதுவதற்கு வெற்றிடம். இரண்டையும் கலந்து ஓர் ஒப்புரவுக் கதை செய்யும் அவசரம் அதில் இல்லை. புத்தளத்துக்கு இவ்வடிவம் பொருந்தும், ஒரு திருத்தத்தோடு. வெளியேற்றம் நடந்ததா என்பது இரு பக்கங்கள் உள்ள கேள்வி அன்று; அது நடந்தது, அநீதி. வந்தவரும் வரவேற்றவரும் பின்வந்த ஆண்டுகளை எப்படி வாழ்ந்தார்கள் என்பதே இரு பக்கங்களாக எழுதப்பட வேண்டியது. வெளியேற்றத்தைப் பற்றிப் பேசத் தமிழ் மாணவர்களும் அதே மேசையில் இருக்க வேண்டும்.

பரீட்சை என்ற சாக்கு

எல்லாம் சரி, பரீட்சைக்கு இது உதவுமா என்பது கடைசி எதிர்வாதம். பாடத்திட்டம் நீளமானது, பாடவேளைகள் குறைவு, கடந்தகால வினாத்தாள்களைச் செய்து முடிக்கவே நேரம் போதாது. இதில் பாதி உண்மை. வினாத்தாள் மாறாதவரை வகுப்பறை முழுமையாக மாறாது; அறிமுகமற்ற ஒரு சான்றைக் கொடுத்து அதன்மீது கேள்வி கேட்கும் பகுதியொன்றைப் பரீட்சைத் திணைக்களம் சேர்க்கும் வரை தனியார் வகுப்புகளின் சுருக்கக் குறிப்புகளே வெல்லும். மறுபாதி சாக்கு. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற ஏற்பாடு ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. அது ஒப்படைக் கொப்பிகளால் நிரப்பப்படுகிறது. தவணைக்கு ஒரே ஒரு பாடத்தைச் சான்றிலிருந்து நடத்தினால் பாடத்திட்டம் கவிழ்ந்துவிடாது. கறுவாக் கட்டையை வைத்து வாதாடிய பிள்ளைக்கு 1344 என்ற ஆண்டை மறக்கவும் வராது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. புத்தளம், சிலாபம் வலயக் கல்வி அலுவலகங்கள் இரண்டும் சேர்ந்து, தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்க எண்களோடு ஒரு சான்றுக் கோவையைத் தொகுக்கலாம்: இபின் பதூதாவின் பத்தி, 1766 உடன்படிக்கையின் உப்பு வாசகம், முக்கர ஹட்டனவின் ஒரு பகுதி, காசிச்செட்டியின் குறிப்பு, பொம்பரிப்பில் கிடைத்த ஈமத்தாழியின் படம், அருவக்காட்டு மதிப்பீட்டின் சில பக்கங்கள், ஒரு தேர்தல் முடிவுத்தாள், 1990 பற்றிய வாக்குமூலங்கள். ஒரே ஆவணத்தைத் தமிழ்மொழிமூலப் பாடசாலையும் சிங்களமொழிமூலப் பாடசாலையும் ஒரே வாரத்தில் படித்தால், இரண்டும் தம் விடைகளை மாற்றிக்கொள்ளவும் வழி பிறக்கும். கற்பிட்டிக் கோட்டை கடற்படை முகாமுக்குள் இருப்பதால் உள்ளே செல்ல அனுமதி தேவை. அந்த அனுமதிக் கடிதத்தை எழுதும் பொறுப்பைத் தரம் 9 குடியுரிமை வகுப்பிடம் விட்டுவிடுங்கள்.